டோக்கன் கிடைக்காத பைகள்

என் அண்ணிக்குக் கோபமே வராது என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், கையில் கிடைத்ததை நங்கென்று வைப்பேன், பத்து நிமிடத்தில் மறந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அண்ணி கத்த மாட்டாள். தலைமுடியை இறுக்கி முடிந்துகொள்வாள். அப்புறம் எடுத்த காரியம் முடிகிறவரை அவளை யாராலும் அசைக்க முடியாது. யாருடைய கோபம் ஆபத்தானது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முறைக்கு அண்ணியே தவிர அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். அதனால் எங்களுக்குள் ‘நீ’தான். அவள் என்னைக் கூப்பிடுவது ‘பட்டாசு’ என்று. ஏன் என்று கேட்காதீர்கள்.

அவளுக்கு வேலை ஒரு சலவைக் கடையில். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில், எப்போதும் நீராவி மணக்கும் கடை. அதன் கவுண்டரில் பத்துப் பன்னிரண்டு வருடமாக நிற்கிறாள். வருகிற துணியை உதறி, திருப்பி, கறை எங்கே, கிழிசல் எங்கே என்று கொடுத்தவர் கண்முன்னாலேயே காட்டிவிட்டுத்தான் வாங்கி வைப்பாள். உடனே ஒரு வட்டமான பிளாஸ்டிக் டோக்கனை எடுத்துக் கொடுப்பாள். டோக்கன் இல்லாமல் துணி திரும்பி வராது. ஒருமுறை முதலாளியின் மாமனார் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். “நான் யாருன்னு தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். “தெரியும், ஆனா எந்தச் சட்டை உங்களுதுன்னு தெரியாதே” என்றாளாம். முதலாளியே வந்து, மாமனாரின் சட்டையை அடையாளம் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

என் அண்ணன் வேன் ஓட்டுகிறவன். ஒருநாள் அவன் வேனில் ஏற்றிய சரக்கு திருட்டுச் சரக்கு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தெரிந்து ஏற்றினானா, தெரியாமல் ஏற்றினானா என்பது வேறு வழக்கு. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரணைக் கைதியாக உள்ளே வைத்துவிட்டார்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மழை இருட்டிக்கொண்டு வந்தாலே நெஞ்சுக்குள் விசில் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை பார்வை நாள். இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. அந்தப் பக்கம் கைதிகள் வரிசையாக, இந்தப் பக்கம் நாங்கள் வரிசையாக. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசவேண்டும். முதல் வாரம் அண்ணி, “மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டதற்கு மூன்று நான்கு பேருடைய புருஷன்மார் “போட்டேன், போட்டேன்” என்று பதில் சொன்னார்கள். என் அண்ணனும் அதையேதான் சொன்னான். சாப்பாடு நல்லா இருக்கு, தூக்கம் நல்லா வருது, கவலைப்படாதே. நான் நம்பிவிட்டேன்.

அண்ணி நம்பவில்லை. பார்வை நாளில் சுவர்ப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். வீட்டிலிருந்து துவைத்த துணியைப் பையில் கொடுத்தால் உள்ளே போகும், அழுக்குத் துணி வெளியே வரும். அந்தப் பையை அன்று மாலை அவள் எங்கள் வீட்டுத் தரையில் கொட்டினாள். சட்டை முதுகில் கருப்புக் கருப்பாகப் பூஞ்சணப் புள்ளிகள். கைலியின் ஓரம் எப்போதுமே காயாத மாதிரி ஒரு சொதசொதப்பு. வாசனையைப் பற்றி நான் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

“இது தரையில தண்ணி நிக்கற இடம். வெயிலே வராத இடம்” என்றாள் அண்ணி. முடியை இறுக்கி முடிந்துகொண்டாள்.

மீதியை எங்களுக்குச் சொன்னது மேஸ்திரியின் மனைவி. கட்டட வேலை மேஸ்திரி ஒருவர் அண்ணன் இருந்த அறையிலேயே இருந்தார். அவர் மனைவியும் ஞாயிறுதோறும் பையோடு வருவாள். அவள் புருஷன் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. நாற்பது பேருக்குக் கட்டிய அறையில் நூறு பேருக்கு மேல் அடைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் படுத்தால் பாதிப் பேர் நிற்கவேண்டும், முறை வைத்துத் தூங்குகிறார்கள். எப்போதோ யாரோ ஜன்னல் வழியாக எதையோ வாங்கினான் என்று எல்லா ஜன்னலையும் தகரம் வைத்து அடித்துவிட்டார்கள். கழிவறைத் தண்ணீர் அடைத்துக்கொண்டு பாதி அறைக்கு வந்துவிடுகிறது. காற்று வருகிற ஒரே இடம் கதவுக்கு அடியில் இருக்கிற சந்து. அந்த இடம் மேஸ்திரியுடையது.

“அந்த இடத்தை இவரு உங்க வீட்டுக்காரருக்கு விட்டுக் குடுத்துட்டாருக்கா” என்றாள் அவள். “உங்காளு மூக்கைக் கதவுச் சந்துல வெச்சுத்தான் படுத்துக்கறாராம். இல்லேன்னா மூச்சு வரலையாம்.”

அண்ணன் இந்த மழைக்காலத்தைத் தாண்டுவானா என்பதுதான் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்வி. நாங்கள் அதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். எதைச் சொன்னாலும் “பார்க்கலாம்” என்பார். பார்க்கலாம் வக்கீல் என்றே நான் பெயர் வைத்துவிட்டேன். “ஜாமீன் மனு மறுபடி போடலாம், பார்க்கலாம்” என்று ஆரம்பித்தவரை அண்ணி நிறுத்தினாள்.

“அது தனியா போடுங்க சார். எனக்கு வேற ஒண்ணு கேக்கணும். குத்தம் பண்ணியிருந்தா தண்டனை குடுக்கட்டும். ஆனா மூச்சு விடக்கூடாதுன்னு எந்தத் தீர்ப்புல எழுதியிருக்கு? இவருக்கு இன்னும் தீர்ப்பே வரலையே.”

வக்கீல் பேனாவை மூடிவிட்டு அவளையே பார்த்தார். அப்புறம், “இப்படியே கோர்ட்ல கேட்டுடறேம்மா” என்றார். பார்க்கலாம் என்று சொல்லாதது அன்றைக்குத்தான்.

மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த அறையில் இருக்கிற எல்லாருக்காகவும் போட்ட மனு. ஜன்னல் தகரத்தைப் பிரிக்கவேண்டும், ஆட்களைக் குறைக்கவேண்டும், சாக்கடையைச் சரிசெய்யவேண்டும், வைத்தியர் வரவேண்டும். சிறைத் தரப்பு வக்கீல் எழுந்து, “சிறைச்சாலை என்ன விருந்தினர் விடுதியா?” என்று கேட்டாராம். கொஞ்சம் நெரிசல் இருக்கலாம், மற்றபடி எல்லாம் திருப்தி என்று பதில் மனு. பூசி மெழுகுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இதற்கிடையில் துணி ஜன்னலில் ஒரு சண்டை. நல்ல சட்டைகளாகப் பார்த்துக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் தூங்குமூஞ்சியான ஒரு காவலர். “எங்க கடையில ஒரு கைக்குட்டை வாங்கினாக்கூட டோக்கன் குடுப்போம் சார். இங்க இத்தனை துணி வாங்கறீங்க, கையில ஒண்ணுமே தரமாட்டேங்கறீங்களே?” என்றாள்.

“டோக்கனுக்கு நான் எங்கம்மா போவேன்?”

அடுத்த வாரமே கடையில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய டோக்கன்களை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டாள். அந்த மனிதருக்கு அது என்னமோ பிடித்துப்போயிற்று. பை வாங்கினால் டோக்கன், ஆள் உள்ளே இருக்கிறானா என்று பதிவைப் பார்த்துவிட்டுத்தான் பை, ஆள் ஆஸ்பத்திரிக்கோ வேறு சிறைக்கோ போயிருந்தால் பை திரும்பிவிடும். “டோக்கனுக்கு நான்ல பொறுப்பு” என்று மிடுக்காகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்கப்புறம் சட்டை எதுவும் தொலையவில்லை. டோக்கன் சார் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஓர் உத்தரவு போட்டார். ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் சிறைக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும். எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள் என்றார் வக்கீல்.

உத்தரவு வந்த வாரமே சிறை கண்காணிப்பாளர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். நல்ல அறை. இரண்டு பக்கமும் ஜன்னல், தொட்டிச் செடி, மேலே மின்விசிறி. அவர் ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

“உங்க வீட்டுக்காரரை மருத்துவப் பிரிவுக்கு மாத்திடறோம்மா. கட்டில், காத்தோட்டம், டாக்டர் எல்லாம் இருக்கு. மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க. ஊர்ப் பிரச்சினை உங்களுக்கு எதுக்கு?”

என் மனசு துள்ளிக் குதித்தது. சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று அவள் முழங்கையை இடித்தேன்.

“அந்தக் கட்டில் இப்பவும் காலியாத்தான் இருக்கா சார்?” என்று கேட்டாள் அண்ணி.

“இருக்கும்மா.”

“காலியா இருக்குன்னு தெரிஞ்சும் இத்தனை நாள் ஏன் மாத்தல?”

அண்ணி எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் வைத்து நான் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். “எங்க அண்ணன் உயிரை வெச்சு நீ சட்டம் பேசறியா? முதல்ல அவனைக் காப்பாத்து, அப்புறம் ஊரைக் காப்பாத்தலாம்!” நிறுத்தத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். என் கூடப் பிறந்தவன்.

“அவர் கதவோரத்துல படுத்திருக்காரே, அது மேஸ்திரி இடம்” என்றாள் அண்ணி. “அவர் இடத்தை வாங்கிக்கிட்டு அவர் மூச்சை விக்கச் சொல்றியா பட்டாசு? சரி, ஞாயித்துக்கிழமை உங்க அண்ணனையே கேப்போம்.”

கேட்டாள். அந்தக் கூச்சலில் கண்காணிப்பாளர் சொன்னதையெல்லாம் உரக்க ஒப்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் காது கொடுக்க, கொஞ்சம் கொஞ்சமாக அந்த நீள அறையே அடங்கிப்போயிற்று. அண்ணன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னமெல்லாம் ஒட்டி, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மேஸ்திரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டில் குடுத்தா படுத்துக்குவேன்” என்றான் அண்ணன், மூச்சு வாங்கி வாங்கி. “மனுவை வாபஸ் வாங்கினா எந்திரிச்சுடுவேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வெளிக்கதவில் ‘இன்று பார்வை கிடையாது’ என்று பலகை மாட்டியிருந்தது. சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தார்கள். எதிரே ஒரு கார் நின்றது. நீதிபதியம்மா வந்துவிட்டார் என்று அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லாத நாள் உள்ளே எப்படியோ தெரிந்திருக்கிறது என்பதும் புரிந்தது.

பார்வையை நிறுத்தியவர்கள் துணி ஜன்னலை மறந்துவிட்டார்கள். டோக்கன் சார் வழக்கம்போல் தன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. வரிசையில் முதலில் நின்ற பெண்ணுக்கு டோக்கன் கிடைத்தது. அடுத்தவள் பை திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் திரும்பியது. அண்ணியின் பையை வாங்கிக்கொண்டு அவர் பதிவைப் பார்த்தார்.

“உங்க ஆள் இன்னிக்கு உள்ள இல்லையேம்மா. வெளியேன்னு போட்டிருக்கு.”

“வெளியேன்னா?”

“வெளியேன்னா வெளியே. எனக்கென்ன தெரியும்? ஆள் இல்லாம நான் பை வாங்க முடியாது, டோக்கனுக்கு நான்ல பொறுப்பு.”

அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மேஸ்திரியின் மனைவியும் பையைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். அவள் ஆளும் வெளியே. திரும்பிப் பார்த்தால் வரிசையில் பாதிப் பேர் கையில் பையோடு நிற்கிறார்கள்.

“ஒரே நாள்ல இத்தனை பேருக்கும் சீக்கு வருமா?” என்றாள் அண்ணி. “ஆளைக் குறைச்சுக் காட்டறாங்க.” முடியை முடிந்துகொண்டாள். “டோக்கன் கிடைக்காதவங்க எல்லாம் இப்படி வாங்க. வீட்டுக்குப் போயிடாதீங்க.”

வெளிக்கதவுக்கு நேர் எதிரே நடைபாதையில் எங்களை வரிசையாக உட்காரவைத்தாள். ஒவ்வொருத்தி முன்னாலும் அவளவள் பை. கோஷம் போடலாமா என்று நான் கேட்டேன். “வாயை மூடிட்டு உக்காரு” என்றாள். வெயில் ஏறியது. காவலர் ஒருவர் வந்து விரட்டிப் பார்த்தார். “துணி குடுக்க வந்தோம் சார், வாங்கிக்கிட்டா போயிடறோம்” என்று ஒரே பதில். வரிசையின் கடைசியில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அண்ணி கதவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நீதிபதியம்மா வெளியே வந்தார். கைத்தடி ஊன்றிய, மெலிந்த அம்மா. கூடவே கண்காணிப்பாளர் சிரித்த முகமாக. காரில் ஏறப்போனவர் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

“யாரு இவங்கல்லாம்?”

“பார்வைக்கு வந்தவங்கம்மா” என்றார் கண்காணிப்பாளர்.

அண்ணி எழுந்து பையைத் தூக்கிக் காட்டினாள். “இது என் வீட்டுக்காரர் துணிங்கம்மா. ஆள் உள்ள இருந்தாத்தான் ஜன்னல்ல வாங்குவாங்க. இன்னிக்கு இவங்க யார் பையையும் வாங்கல, ஆள் வெளியன்னு சொல்றாங்க. நீங்க உள்ள எத்தனை பேரைப் பார்த்தீங்களோ, அதோட இந்தப் பைகளையும் சேத்து எண்ணிக்குங்கம்மா.”

நீதிபதியம்மா திரும்பினார். “இவங்க ஆளுங்க எங்கே?”

“அது... கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கோம்மா.”

“ஞாயித்துக்கிழமை எந்தக் கோர்ட் சார்?” என்றாள் அண்ணி.

நீதிபதியம்மா கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்துவந்து, நடைபாதை விளிம்பில், அண்ணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “கூட்டிட்டு வாங்க. வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்” என்றார்.

எங்கோ தூரத்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் என்ன வேகத்தில் வந்தார்கள் என்கிறீர்கள்! மதில் சுவரின் பின்பக்கத்திலிருந்து மூடிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலையிலிருந்து வெயிலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் ஆட்கள் வேர்வையில் குளித்து, தள்ளாடித் தள்ளாடி இறங்கினார்கள். கடைசியாக மேஸ்திரி இறங்கினார். அவர் தோளில் என் அண்ணன். உதடு நீலம் பாரித்திருந்தது, கண் செருகியிருந்தது. நெஞ்சில் விசில்கூடக் கேட்கவில்லை.

“என் காருல ஏத்துங்க” என்றார் நீதிபதியம்மா.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் அண்ணியைச் சும்மா விடவில்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிகிச்சை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் கைப்பிடியை முறுக்கி முறுக்கி அது கயிறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் வாயை மூடினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் எங்களை உள்ளே விட்டார்கள். கட்டில், முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, கட்டிலோடு சேர்த்துக் கையில் விலங்கு. அண்ணன் கண்ணைத் திறந்து அண்ணியைத் தேடினான். முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

“வாபஸ் வாங்கிடலையே?”

“இல்ல.”

“அப்ப படுத்துக்கறேன்” என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அண்ணி அவன் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தாள். சரிசெய்த போர்வையையே மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டிருந்தாள்.

நீதிபதியம்மாவின் அறிக்கையில் பைகளைப் பற்றியும் வேன்களைப் பற்றியும் எழுதியிருந்ததாம். கோர்ட்டில் சிறைத் தரப்பு வக்கீல் விருந்தினர் விடுதி பற்றி வாயே திறக்கவில்லை. தகரத்தைப் பிரிக்க வேண்டும், கட்டிய அளவுக்குத்தான் ஆள் வைக்கவேண்டும், சாக்கடை, வைத்தியர் என்று கேட்டதெல்லாம் உத்தரவில் வந்தது. உத்தரவு வந்தால் ஆயிற்றா? தகரத்தைப் பிரிக்க ஆள் இல்லை, ஏணி இல்லை என்று இழுத்தடித்தார்கள். அண்ணி ஞாயிறுதோறும் சிறைக்குப் போனாள். அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில்தான் இருந்தான், அவளுக்கு அங்கே கொடுக்கத் துணி இல்லை. வக்கீல் வாங்கிக் கொடுத்த உத்தரவு நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வெளிவரும் ஒவ்வொரு பையையும் திறந்துகாட்டச் சொல்லிப் பார்த்தாள். பூஞ்சணம் இருந்தால் நேரே வக்கீலிடம் போவாள். பார்க்கலாம் வக்கீல் இவளைக் கண்டாலே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேஸ்திரியின் மனைவி டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தாள். உள்ளேயிருந்து புருஷனுடைய சட்டை ஒன்றை உருவினாள்.

“அக்கா, இதை மோந்து பாருங்க.”

அண்ணி வழக்கம்போல உதறினாள், திருப்பினாள், முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. அப்புறம் முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

எனக்குப் பயமாகப் போய்விட்டது. சட்டையை அவளிடமிருந்து பிடுங்கி நானும் மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வேர்வை கொஞ்சம், வெயிலில் காய்ந்த துணி வாசனை, அவ்வளவுதான்.